எங்கள் டப்பாவில் ஒன்று, அவர்கள் டப்பாவில் ஒன்று

என் தம்பி கண்டக்டராக ஓடிய பஸ்ஸில் நான் ஒருநாளும் இறங்கும் இடத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. திருமங்கலத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அவன் கூட்டத்துக்குள் நெளிந்து வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போவான். வேறு பஸ் என்றால் எனக்குப் பெரும்பாடு. கண்டக்டர் எங்கே என்று கேட்பார். நான் சொல்வது அவர் காதில் விழாது. மறுபடி கேட்பார். கடைசியில் பக்கத்தில் இருப்பவர் எனக்காகச் சொல்வார். நாற்பது வயதுக்குப் பிறகும் இப்படித்தான் இருந்தேன்.

பதினொன்றாம் வகுப்பு முடித்துச் சில வருடம் சும்மா இருந்தபின் திருமங்கலத்தில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எடை எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். எடை எழுத வாய் வேண்டியதில்லை. அந்த வேலையை எனக்குக் கேட்டு வாங்கித் தந்ததும் தம்பிதான். எனக்கு ஆறு வயது இளையவன். சின்ன வயதில் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கடைக்கு அனுப்புவார்கள். பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், அவன் கேட்டு வாங்குவான். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண் வீட்டார் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். மாப்பிள்ளை யாரென்று அவர்களுக்கே குழம்பிவிட்டது என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

அவனுக்கு அது வந்தது ஒரு பங்குனி மாதத்துக் காலையில். பஸ் கப்பலூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தவன் மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டானாம். “பின்மண்டையில யாரோ கம்பியால அடிச்சிட்டாங்க” என்று சொன்னானாம். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான், பிறகு சாய்ந்துவிட்டான். டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிறுத்தவில்லை. பயணிகள் அத்தனை பேரோடும் பஸ்ஸை நேரே மதுரையில் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய்விட்டார். நடுவில் இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை என்று பின்னால் சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு திரும்பியிருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று முகத்தில் துண்டைப் போட்டிருந்தான். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக வர வேண்டியது சிவப்பாக வந்தது. மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, வெடித்த இடம் தானாகவே அடைத்துக்கொண்டு நிற்கிறது, இரண்டு வாரம் அசையாமல் படுத்திருந்தால் அதன்பின் ஆப்பரேஷன் செய்யலாம் என்றார் பெரிய டாக்டர். தம்பி மனைவி அப்போதுதான் பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருந்தாள். அதனால் ஆலையில் லீவு சொல்லிவிட்டு நானே அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கினேன்.

மறுநாள் ஒரு பெண் டாக்டர் வந்தார். அந்த வார்டில் எல்லோரும் அவரை மாத்திரை டாக்டரம்மா என்றார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். டாக்டர் உட்கார்ந்து பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே கசிந்த இரத்தம் மற்றக் குழாய்களைச் சுற்றித் தேங்கி நிற்கும் என்றார். நாலைந்து நாள் கழித்து அந்தக் குழாய்கள் சுருங்க ஆரம்பிக்கும். சுருங்கினால் மூளைக்குப் போகிற இரத்தம் குறையும். குறைந்த இடம் வாடும். வெடித்தபோது பிழைத்தவர்கள்கூட இதில் போய்விடுகிறார்கள். குழாய் சுருங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, அது உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்கிறோம் என்றார்.

அதில் ஒரு விஷயம் உண்டு என்று நிறுத்திச் சொன்னார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. நர்ஸுக்கும் தெரியாது. டப்பாவின் மேல் ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு உள்ளே என்ன என்பது வேறு ஊரில் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம், வழக்கமான வைத்தியம் அப்படியே நடக்கும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் தலையாட்டினேன். துண்டுக்கு அடியிலிருந்து தம்பி கேட்டான். “மாவு மாத்திரை எதுக்கு டாக்டரம்மா? இருக்கிறத எல்லாருக்கும் குடுத்துற வேண்டியதுதான?”

“எல்லாருக்கும் குடுத்து, பொழச்சவங்க மாத்திரையால பொழச்சாங்களா, தானாவே பொழச்சாங்களான்னு எப்படிச் சொல்றது? ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தானே தெரியும்.”

“லாட்டரிச் சீட்டுன்னு சொல்லுங்க.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். படுத்தவாக்கிலேயே தம்பி கையெழுத்துப் போட்டான். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத்திரை. டப்பாவும் ஒரு அட்டையும் என் கையில் வந்தன. கொடுத்ததும் அட்டையில் ஒரு கோடு போட வேண்டும். ஒருவர் டப்பாவை இன்னொருவர் தொடக்கூடாது என்றும் சொன்னார். அதை நான் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மேலூர்ப் பக்கத்துக் கல் உடைக்கிறவர். எங்களுக்கு இரண்டு நாள் முன்னால் அதே நோயோடு வந்தவர். அவருக்கும் டப்பா, அட்டை எல்லாம் இருந்தன. அவர் மனைவிதான் துணைக்கு இருந்தார். நாங்கள் வந்த அன்றைக்கே என்னை அண்ணே என்று கூப்பிட்டார். அப்படியென்றால் உங்க வீட்டுக்காரர் எனக்கு மச்சான் என்று தம்பி உறவு போட்டுக்கொண்டான். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அந்த அம்மா தயங்கியபோது அவன் சொன்னான்: “எங்கண்ணனத் தப்பா நெனைக்காதீங்க. வண்டி நல்லா ஓடும். ஹாரன் மட்டும் கிடையாது.”

அந்த வார்டில் எது வந்தாலும் பக்கத்துக் கட்டிலுக்குப் பாதி போகும். யாரும் வைத்த சட்டமில்லை, அப்படித்தான் நடந்தது. கீழே போய் நான் ஒரு தூக்குவாளியில் டீ வாங்கி வந்தால் அந்த அம்மா இரண்டு டம்ளரை எடுத்து நீட்டும். அவர் ஊர்க்காரர்கள் அழகர்கோவில் தீர்த்தம் கொண்டுவந்தால் எங்கள் சொம்பிலும் பாதி விழும். இளநீர் வந்தால் பாதி, இட்லிப் பொட்டலம் வந்தால் பாதி, விபூதி வந்தால்கூட மடித்த காகிதத்தைக் கிழித்து இரண்டாக்கி ஒன்றைத் தம்பி தலையணைக்கு அடியில் வைத்துவிடும். வாங்கிக்கொள்வதும் கொடுப்பதும் இரண்டாம் நாளே எங்களுக்கு யோசிக்காத காரியமாகிவிட்டது.

டாக்டரம்மா தினமும் காலையில் வந்து கையைத் தூக்கச் சொல்வார், விரலை மடக்கச் சொல்வார், பேச்சைப் பார்க்க ஏதாவது கேட்பார். தம்பியிடம் மட்டும் பஸ் நிறுத்தங்களைச் சொல்லச் சொல்வார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸில் கத்துகிற அதே ராகத்தில் சொல்வான். “திருமங்கலம், கப்பலூர், தனக்கன்குளம், திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம், மதுரை. எல்லாம் எறங்கு.” வார்டு முழுக்கச் சிரிக்கும்.

எங்கள் நாலாம் நாள் கல் உடைப்பவருக்கு வலது கை தூக்க வரவில்லை. பேச்சு வாய்க்குள் எதையோ மென்றுகொண்டு பேசுகிற மாதிரி ஆனது. குழாய் சுருங்குகிறது என்று குளுக்கோஸ் பாட்டில்களை அதிகமாக்கினார்கள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி என் தம்பியைப் பார்த்தது. அவன் நன்றாக இருந்தான். நர்ஸோடு வம்பளந்துகொண்டிருந்தான்.

மத்தியானம் இரண்டு மணி மாத்திரைக்கு நான் டப்பாவைத் திறந்தபோது அந்த அம்மா எழுந்து வந்தது. சாப்பாடு முடிந்து வார்டு அசந்திருந்த நேரம்.

“அண்ணே, நெச மருந்து உங்க டப்பாவுலதான் இருக்கு. பாத்தாலே தெரியுதே. எங்களது வெறும் மாவு. ரெண்டுல ஒன்ன எங்களுக்குக் குடுங்க. எங்களதுல ஒன்ன நீங்க போட்டுக்கங்க. எண்ணிக்கை கொறையாது. யாரும் கேக்கப் போறதில்ல.”

முடியாது என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான். டாக்டரம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால்கூடப் போதும். நான் வழக்கம்போலத் தம்பியைப் பார்த்தேன். எனக்காக அவன் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் துண்டை விலக்கிப் பக்கத்துக் கட்டிலை ஒரு தடவை பார்த்தான்.

“குடுண்ணே. நம்மளது மருந்துன்னா மச்சானுக்கும் ஆவட்டும். நம்மளது மாவுன்னா நமக்குப் பாதியாச்சும் கெடைக்கட்டும். அர டிக்கெட்டுலயும் ஊரு போய்ச் சேரலாம்ணே.”

எங்கள் டப்பாவில் ஒன்று எடுத்து அந்த அம்மா கையில் வைத்தேன். அவர்கள் டப்பாவில் ஒன்று என் கைக்கு வந்தது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. தம்பியின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அட்டையில் கோடு போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்படியே நடந்தது. டாக்டரம்மா வந்து அட்டையைப் பார்ப்பார். கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் கேட்கவில்லை.

மூன்று நாளில் கல் உடைப்பவருக்குப் பேச்சு தெளிய ஆரம்பித்தது. கை வரவில்லை, ஆனால் வார்த்தை புரிந்தது. தம்பிக்கு அதில் பெரிய சந்தோஷம். தான் சொல்லும் நிறுத்தங்களை அவரையும் சொல்ல வைத்தான். அவர் எங்கள் ரோட்டில் ஒருநாளும் வந்ததில்லை. “தனக்கன்குளம்” அவர் வாயில் நுழையாமல் என்னென்னவோ ஆகும். “மச்சான், இப்படிச் சொன்னா சனம் எறங்காது, உங்களையும் இழுத்துட்டுத்தான் எறங்கும்” என்பான். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கும். எனக்கும் அந்த இரண்டு நாள் மனசு லேசாக இருந்தது. நாம் செய்தது நல்லதுதான் என்றுகூடத் தோன்றியது.

அதற்கடுத்த நாள் காலையில் டாக்டரம்மா கேட்டார். தம்பி அதே ராகத்தில் சொன்னான். “திருமங்கலம், கப்பலூர், தனக்கன்குளம், திருநகர், திருப்பரங்குன்றம், பழங்காநத்தம், மதுரை.”

பசுமலை இல்லை.

டாக்டரம்மாவுக்கு அந்த ரோடு பழக்கமில்லை. அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “நல்லது” என்று எழுதினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வார்டில் பசுமலை விட்டுப்போனது தெரிந்த ஒரே ஆள் நான். பதினைந்து வருடமாக ஒரு நாளைக்கு எட்டு நடை கத்தின நிறுத்தம் அது. தூக்கத்தில்கூட அவனுக்குத் தப்பாது. வேடிக்கைக்கு விட்டிருப்பான் என்று நினைத்தேன். டாக்டரைக் கூப்பிட்டு, என் தம்பி ஒரு ஊரை விட்டுவிட்டான் என்று எப்படிச் சொல்வது, சிரிப்பார்களே என்று நினைத்தேன். அவர் அடுத்த கட்டிலுக்கு, அதற்கடுத்த கட்டிலுக்கு, பிறகு கதவுக்கு வெளியே போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் அவன் தண்ணீரைச் சீட்டு என்று கேட்டான். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, வார்த்தை கிடைக்காமல், எரிச்சலோடு கையை ஆட்டினான். வலது கை ஆடவில்லை, இடது கைதான் ஆடியது. அப்புறம்தான் ஓடினேன். டாக்டர்கள் வந்தார்கள். பாட்டில்கள் ஏறின. குழாய் சுருங்கிவிட்டது, பார்ப்போம் என்றார்கள். சாயங்காலத்துக்குள் அவன் பேச்சு முழுக்க நின்றுவிட்டது. எனக்காகவும் சேர்த்துப் பேசியவன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

ஆறு மணி மாத்திரைக்கு நான் எங்கள் டப்பாவிலிருந்தே இரண்டையும் எடுத்துவிட்டேன். இனிமேல் யாருக்கும் பங்கில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா வந்து நின்றது. அழுது முகம் வீங்கியிருந்தது. கையை நீட்டியது. உள்ளங்கையில் அவர்கள் மாத்திரை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூச்சம் என்று இதைச் சொல்வார்களா என்று எனக்குத் தெரியாது. என் கையிலிருந்த இரண்டில் ஒன்றை அந்தக் கையில் வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். பொடித்துத் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாய் வழியாக நர்ஸ் விட்டார். நான் அட்டையில் கோடு போட்டேன்.

பேச்சு நின்ற நாலாம் நாள் காலை அவன் போய்விட்டான். அவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மீதி மாத்திரையை ஒரு தட்டில் கொட்டி, கரண்டிக் காம்பால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார். அட்டையில் இருந்த கோடுகளோடு ஒப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. “இவ்வளவு சரியா யாரும் செய்யலைங்க. ஒண்ணுகூடக் கொறையல. உங்க துக்கத்துலயும் கொண்டுவந்து குடுத்தீங்களே” என்றார். நான் தலையாட்டினேன். 

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் ஒரே ஒரு நினைப்போடு வாழ்ந்தேன். என் தம்பியின் டப்பாவில்தான் மருந்து இருந்தது. அது இருந்தவரை அவன் நன்றாக இருந்தான். பாதி போன பின் சரிந்தான். அந்தப் பாதி பக்கத்துக் கட்டிலுக்குப் போயிற்று, அவர் எழுந்து உட்கார்ந்தார். ஆலையில் எடை எழுதும்போதும், சாப்பிடும்போதும், தம்பி மகள் என் மடியில் தவழ்ந்து ஏறும்போதும் இதே கணக்குத்தான். என்னைத் திட்டிக்கொள்வேன். அது தாங்காமல் போகும்போது அந்த அம்மாவைத் திட்டுவேன். இத்தனை சத்தமாக மனசுக்குள் பேசக்கூடியவன் நான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தது. விசாரித்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறது. கையில் ஒரு பாட்டில் நிறைய அழகர்கோவில் தீர்த்தம். தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன். பின்வாசல் வழியாகப் பருத்திக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனது என்று என் மனைவி சொன்னாள். புருஷனுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், கை மட்டும் வரவில்லையாம். தீர்த்தத்தில் பாதியைத் தம்பி பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி எங்கள் சொம்பில் ஊற்றிவிட்டுப் போயிருந்தது. நான் அதைக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கொட்டினேன்.

அடுத்த வருடம் கோடையில் ஒரு தபால் அட்டை வந்தது. டாக்டரம்மாவின் கையெழுத்து. மாத்திரைச் சோதனை முடிந்துவிட்டது, உங்கள் டப்பாவில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் நேரில் வரலாம் என்று எழுதியிருந்தார். நாலு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஐந்தாம் நாள் போனேன்.

அவர் தாளை எடுக்கப் போனபோது, இருங்க டாக்டரம்மா என்றேன். அவர் கேட்பதற்கு முன் நானாக அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மணி மாத்திரை, அரை டிக்கெட், பசுமலை, ஆறு மணி மாத்திரை. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. தரையைப் பார்த்தபடியே பேசினேன். 

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிறகு ஒரு பெரிய நோட்டை எடுத்து, அளவுகோல் வைத்து, இரண்டு எண்களின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தார். “இந்த ரெண்டு பேரும் இனிக் கணக்குல வரமாட்டாங்க” என்றார். என் தம்பி இரண்டாவது தடவை போன மாதிரி இருந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாமே. பசுமலையயாவது சொல்லியிருக்கலாம்” என்றார். 

அப்புறம் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். எங்கள் எண்ணைத் தொட்டுக் காட்டினார். “உங்க டப்பாவுல இருந்தது மாவுங்க.” விரல் கீழே நகர்ந்தது. “மருந்து அவங்களது.”

எனக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும், ஒரு வருடத்துக்கு மேலாக நான் திட்டிய முகம் எதிரே வந்து நின்றது. நீட்டிய கையில் இருந்த அந்த ஒரு மாத்திரைதான் மருந்து. பதிலுக்கு நான் கொடுத்ததெல்லாம் மாவு. அந்த அம்மா ஒவ்வொரு வேளையும் தன் புருஷனின் மருந்தில் பாதியை எடுத்து வந்து என் தம்பிக்குக் கொடுத்திருக்கிறது.

“மருந்து முழுசாப் போயிருந்தா அவருக்குக் கை வந்திருக்குமா?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்க. முழுசாச் சாப்பிட்டும் கை போனவங்க இருக்காங்க. மாவு சாப்பிட்டு நடந்து வீட்டுக்குப் போனவங்களும் இருக்காங்க. இந்த மருந்து கொஞ்சம் உதவுற மாதிரிதான் தெரியுது. ஆனா ஒரு ஆள வச்சு எதையும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இம்புட்டுப் பேரக் கூட்டி வச்சுப் பாக்குறோம்.”

மறுநாளே மேலூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூன்று பேருக்கும் நான் கேட்டது முதல் தடவையே காதில் விழுந்தது. கல் குவாரிக்குப் போகிற மண் ரோட்டில் ஓட்டு வீடு. வாசலில் அவர் உட்கார்ந்து இடது கையாலும் பல்லாலும் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். என் பெயர் அவருக்குத் தெரியாது. அடையாளம் கண்டுகொண்டதைக் காட்ட வேறு வழி இல்லாமல், கொஞ்சம் குழறலாக, அதே ராகத்தில் ஆரம்பித்தார். “திருமங்கலம், கப்பலூர், தனக்கன்குளம், திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை…” நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தது. வாங்கண்ணே என்றது. அன்றைக்கு ஏன் வீட்டில் இல்லை என்று கேட்கவில்லை. அடுப்பில் அவருக்கு மட்டும் போட்டிருந்த டீயைக் கொண்டுவந்து, இரண்டு டம்ளரில் ஊற்றி, நிறைய இருந்ததை என்னிடம் கொடுத்தது.

டீயைக் குடித்து முடித்தேன். பிறகு சொன்னேன். மருந்து உங்கள் டப்பாவில்தான் இருந்தது, நான் கொடுத்தது மாவு, நீங்கள்தான் என் தம்பிக்கு மருந்து கொடுத்திருக்கிறீர்கள் என்றேன். முழுதாகப் போயிருந்தால் இந்தக் கை எப்படி இருந்திருக்கும் என்று டாக்டருக்கே தெரியாதாம் என்றும் சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

அவர் இடது கையால் வலது கையை எடுத்து, இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றி வைத்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னது.

“அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ரெண்டையுமே குடுத்திருப்பனேண்ணே. இவருக்குத்தான் பேச்சு திரும்பிருச்சுல்ல. அந்தப் புள்ளைக்கு வாயடைச்ச அன்னைக்கு, ரெண்டையுமே குடுத்திருக்கலாமே.”

 உரித்த கடலையை அவர் ஒரு கைப்பிடி அள்ளி என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா ரோடு வரைக்கும் கூட வந்தது. பஸ் தூரத்தில் தெரிந்தது. “அண்ணே, அன்னைக்குத் தீர்த்தம் கொண்டாந்தேன்ல. தம்பி புள்ளைக்குக் குடுத்தீங்களா?” என்று கேட்டது.

அந்த இரண்டு நாளில் எல்லோரிடமும் பேசியாகிவிட்டது. டாக்டரம்மாவிடம் பேசினேன், வழியில் போகிறவர்களிடம் பேசினேன், இவர்களிடமும் பேசினேன். இந்த ஒன்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன்.

தலையாட்டினேன். பஸ் வந்து நின்றது.